வாசலில் ஒரு கட்டம்

ஜூலை 9, புதன். சிஞ்ச்வட்.

வாசல் கேமராவை என் கணவர் முரளிதான் பழைய கம்ப்யூட்டரில் இணைத்தார். ஆள் வந்தால் அதுவே கண்டுபிடிக்கும். படத்தில் ஆளைச் சுற்றிக் கட்டம் போட்டு என் போனுக்கு அனுப்பும்.

நான்கு நாளாக மதியம் மூன்று மணிக்குப் படம் வருகிறது. வராந்தா காலி. செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்குக் கட்டம் மட்டும் நிற்கிறது.

"ஏதாவது நிழலா இருக்கும். மிஷின்தானே, தப்பாவும் காட்டும்," என்றார் முரளி.

இன்று லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தேன். மூன்று மணிக்குப் போன் அதிர்ந்ததும் கதவைத் திறந்தேன். எதிர்வீட்டு மராத்தி அம்மா மட்டும் தன் வாசலில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். யார் வந்தது என்று இந்தியில் கேட்டார்.

"கோயி நஹீ, ஆன்ட்டி," யாருமில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

சாயங்காலம் அந்தப் பதிவை ஓட்டிப் பார்த்தேன். நான் கதவைத் திறந்ததும் கட்டம் நகர்கிறது. என்னைத் தாண்டி வீட்டுக்குள் போகிறது. அதன்பிறகு நான் கதவைச் சாத்துகிறேன்.

மிச்சப் பதிவுகளையும் இப்போதுவரை பார்த்துவிட்டேன். வெளியே போனது முரளி ஒருவர்தான், நைட் ஷிப்டுக்கு. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. பெட்ரூம் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். ஹாலில் விளக்கைப் போட்டுத்தான் வந்தேன். கதவிடுக்கில் இப்போது வெளிச்சம் இல்லை.