கேனில் இருந்தது ஊற்றுத் தண்ணீர்

ஏனுங்க,

கம்ப்யூட்டரை ஆன் பண்ணிடாதீங்க. முதலில் இதைப் படிங்க.

கம்ப்யூட்டர் சூட்டைத் தணிக்கிற அந்த வாட்டர் பிளாக்குக்கு என்று நீங்க வாங்கி வைத்திருந்த டிஸ்டில்டு வாட்டரில் ஞாயிற்றுக்கிழமை நான் குச்சிக்கிழங்கு வேகவைத்துவிட்டேன். குடிக்கிற தண்ணீர் என்றே நினைத்தேன். காலியான கேனில் நம் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து வைத்தேன். நேற்று பிளாக், டியூப் எல்லாம் மாட்டி நீங்க ஊற்றியது அதைத்தான்.

ஊற்றிவிட்டு போனில் யாரிடமோ, "சாதாத் தண்ணி ஊத்துனா உப்புப் புடிச்சு பிளாக்கே அடைச்சுக்கும்"னு சொன்னீங்க. அப்போதுதான் எனக்கு விளங்கியது. "இந்தக் குளிருல பொட்டிக்கு எதுக்குங்க தண்ணி"ன்னு ஞாயிறு ராத்திரி நான் கேட்டதிலிருந்து முகம் கொடுக்காத ஆளிடம் எப்படிச் சொல்வது?

எல்லாத் தண்ணீரையும் வடித்துவிடுங்க. முதல் பஸ்ஸில் நாமக்கல் போகிறேன். சாயங்காலம் புதுக் கேனோடு வருவேன். களியும் கீரையும் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிடாமல் இருக்காதீங்க.

அருணா

பின்னால் நினைவு வந்தது: அந்த டிஸ்டில்டு வாட்டரில் வெந்த கிழங்கைத்தான் "மாவாட்டம் வெந்திருக்குது அருணா"ன்னு ரெண்டு தடவை கேட்டு வாங்கித் தின்னீங்க. அதற்குப் பிறகு இந்த நாலு நாளில் என் பேரைச் சொல்லி நீங்க கூப்பிடவே இல்லை.