படத்துக்கு வைத்த டப்பா

திங்கள், காலை பதினொன்றரை மணி

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதலில் போய் நான் அனுப்பிய பார்சலைப் பார். ரோஜாப் படம் ஒட்டிய டப்பா ஒன்று அதில் இருக்கும். உள்ளே இருப்பது குழந்தைக்குப் போடுகிற பவுடர் இல்லை. பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் சுவருக்குப் பட்டி பார்ப்பார்களே, அந்தப் பட்டித் தூள். வெள்ளை சிமெண்ட் கலந்தது.

திறக்கவில்லை என்றால் திறக்காதே. அப்படியே ஒரு பையில் போட்டுக் கட்டி வெளியே எறிந்துவிடு. குழந்தைக்குப் போட்டுவிட்டாய் என்றால், காய்ந்த துணியால் முதலில் தட்டி எடு. ஈரத்துணி வேண்டாம். பிறகு குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் நெடுநேரம் கழுவு. உடனே டாக்டரிடம் தூக்கிப் போ. இருமினாலோ மூச்சு இழுத்தாலோ கழுவி முடிக்கும்வரைகூடக் காத்திருக்காதே. இந்தக் கடிதத்தையே டாக்டரிடம் காட்டு. யார் அனுப்பியது என்று கேட்டால் கூடப்பிறந்த அக்கா என்று சொல். மறைக்காதே.

உறையின் மேலும் இதையேதான் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமலே கிழித்துப் போடுவாய் என்று எனக்குத் தெரியும். கிழிக்கும்போதாவது கண்ணில் படட்டும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். கூரியர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். "அக்கா, ஒரு மணிக்கு வண்டி போயிரும். அதுக்குள்ள குடுத்துருங்க" என்று கவுண்டரில் இருக்கிற பெண் சொல்லியிருக்கிறாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் பெட்டிக்கு டேப் ஒட்டுகிறார்கள். அந்தச் சர்ரென்ற சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்க்கிறேன்.

நான் வீட்டில் பவுடர் செய்து, போனில் ஒரு விற்பனைப் பக்கம் வைத்துப் படம் போட்டு விற்பது உனக்குத் தெரியும். ஆரோரூட் மாவும் உலர்ந்த ரோஜா இதழும் அரைத்து மூன்று முறை சலிப்பேன். பொருள் நல்ல பொருள்தான். என் இரண்டு பிள்ளைகளும் அதில்தான் வளர்ந்தார்கள். ஆனால் படம் எடுத்தால் வீடு கூட்டி அள்ளி வைத்த மாதிரி இருக்கும். வாங்க வந்த ஒருத்தி, "என்னக்கா, மண்ணை நிரப்பி வச்ச மாதிரி இருக்கு" என்று கேட்டேவிட்டாள். அந்தச் சமயம் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தவர் அரை மூட்டை பட்டியை விட்டுவிட்டுப் போயிருந்தார். பால் மாதிரி வெள்ளை. ஒரு டப்பாவில் நிரப்பி ஜன்னலோரம் வைத்துப் படம் எடுத்தேன். அவ்வளவு அழகாக வந்தது. அன்றிலிருந்து படத்துக்கென்றே அந்த டப்பா. ஒன்றரை வருஷமாக அதுதான் எல்லாப் படத்திலும் இருக்கிறது.

எட்டாவதோடு நின்றவள் நான். படம் எடுக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வெள்ளைத் துணியை எங்கே விரிப்பது, நிழல் விழாமல் தெர்மாகோல் அட்டையை எந்தப் பக்கம் நிறுத்துவது, எல்லாம் தட்டுத் தடுமாறி நானாகக் கற்றது. காலை ஒன்பதரைக்கு எங்கள் சமையலறை ஜன்னலில் வெயில் இறங்கும். இருபது நிமிஷம்தான் இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயாயிற்று, துணி ஊறிக்கொண்டிருக்கிறது, என் தலை வாரியிருக்காது, முகத்துக்கு நானே ஒரு பவுடர் போட்டிருக்க மாட்டேன். ஆனால் அந்த இருபது நிமிஷத்தில் ஒரு டப்பா, ஒரு சீப்பு, மடித்து வைத்த ஒரு துண்டு, எதை வைத்தாலும் அழகாகத் தெரியும். ஒரு நாளில் எனக்கென்று இருந்தது அதுதான். சாக்குச் சொல்வதாக நினைக்காதே. எப்படி இந்தப் புத்தி வந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

நான் கணக்கில் தப்புவதில்லை. ஒவ்வொரு டப்பாவுக்கும் அடியில் எண் ஒட்டி, எது யாருக்குப் போகிறது என்று நோட்டில் எழுதிவிட்டுத்தான் கையைக் கழுவுவேன். படத்து டப்பாவுக்கு மட்டும் எண் கிடையாது. பன்னிரண்டாம் எண்ணுக்கு நேரே "தங்கச்சி" என்று எழுதியிருந்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை, புதுப் படம் எடுக்கலாம் என்று அலமாரியிலிருந்து படத்து டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தேன். ரோஜா வாசனை வந்தது. நல்ல வாசனைதான். பட்டிக்கு ஏது வாசனை? கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் பன்னிரண்டு.

புதன்கிழமை உன் பார்சலை அனுப்பிய அன்று எடுத்த படத்தை போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆமாம், உனக்கு அனுப்பிய பார்சலையும் படம் எடுத்துத்தான் அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்துத் தங்கையோடு சமாதானமாகப் போகிறவள், பெட்டியைப் பேசாமல் ஒட்டி அனுப்பியிருக்கலாம் இல்லையா? இரண்டு குல்லா, போர்வை, கிலுகிலுப்பை எல்லாம் பெட்டிக்குள் அடுக்கி, நடுவில் படத்து டப்பாவைத் திறந்து வைத்தேன், அதுதான் பளிச்சென்று தெரியும் என்று. படம் எடுத்ததும் மாற்றிவிட வேண்டும் என்று பன்னிரண்டைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அதற்குள் வாசலில் மணி அடித்தது. கூரியர்காரர். "சீக்கிரம்க்கா, கீழ வண்டிய நடு ரோட்டுல விட்டுட்டு வந்திருக்கேன்" என்றார். அந்தப் பக்கம் குக்கர் கத்துகிறது. பெட்டிக்குள் இருந்ததை அப்படியே மூடி, டேப் ஒட்டி, கொடுத்துவிட்டேன். பக்கத்தில் மிஞ்சியதை அடியில் பார்க்காமலே அலமாரியில் வைத்துவிட்டேன். படத்தில் மூடியின் ஓரம் நசுங்கியிருக்கிறது. நசுங்கிய மூடி படத்து டப்பாவுக்குத்தான். அந்தப் படத்துக்குக் கீழே "என் தங்கை மகளுக்கு, பெரியம்மாவின் கையால்" என்று எழுதி என் விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தேன். நூற்றுப் பதினாறு பேர் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள்.

பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டும் இருக்கிறது. "குளிப்பாட்டித் துடைத்ததும் கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு, ஈரம் தங்குகிற இடமெல்லாம் தாராளமாகப் போடு" என்று என் கையாலேயே எழுதினேன். அதையும் கிழித்துப் போடு.

பெயிண்ட் அடித்தவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஐயோ, ஈரத்தோட தோல்ல பட்டா வெந்து போயிரும்மா. எங்க கையைப் பாத்ததில்லையா? கண்ணுல, மூக்குல போகக் கூடாது" என்றார். பெரியவர்களுக்கே அப்படியென்றால் ஏழு மாதக் குழந்தைக்கு என்ன ஆகும் என்று நான் அவரைக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு, முழங்கைக்கு உள்பக்கம் தண்ணீரைத் தொட்டுப் பட்டியைப் பூசி, ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து அவிழ்த்தால் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, நடுவில் தோல் வெளுத்திருக்கிறது. உன் அத்தான் பார்த்துவிட்டுத் துணியைப் பிடுங்கி எறிந்தார். "ஒரு நாளாவது படம் எடுக்காம ஒரு வேலையைச் செஞ்சிருந்தா" என்று ஆரம்பித்தவர், என் கையை இழுத்துக் குழாயடியில் பிடித்தார். நேற்று மதியம் வைத்த சோறு அப்படியே இருக்கிறது.

உன்னைக் கூப்பிடாமல் இருப்பேனா? என் எண்ணையும் அத்தான் எண்ணையும் நீ பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய். மாடி வீட்டு டீச்சர் போனிலிருந்து ஆறு தடவை அடித்தேன். மணி போகிறது, நீ எடுக்கவில்லை. தெரியாத நம்பரை எடுக்கக் கூடாது என்று உனக்குப் படித்துப் படித்துச் சொன்னவளே நான்தான். செய்தியும் அனுப்பினேன், இன்னும் பார்க்கவில்லை என்று காட்டுகிறது. உன் வீட்டுக்காரர் எண் அணைத்தே கிடக்கிறது, வேலைக்காக எங்கேயாவது போயிருக்கிறாரோ என்னவோ. அம்மா இருந்திருந்தால் அவர் ஒரு அதட்டல் போட்டு உன்னை எடுக்க வைத்திருப்பார். இப்போது நமக்கு நடுவில் யாரும் இல்லை. ஓடி வரலாம் என்றால் கடல் தாண்டி இருக்கிறாய், நான் பாஸ்போர்ட்டே எடுக்காதவள். கூரியர் ஆபீஸ் நேற்று பூட்டிக் கிடந்தது. இன்று கதவு திறக்கும்போதே வந்து நின்றேன். பார்சலைப் பாதியில் நிறுத்த முடியாதாம். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு அந்தப் பெண் சந்தோஷமாகச் சொன்னாள்: "உங்க தங்கச்சி ஊருக்கே போயிருச்சுக்கா. நாளைக்குக் கைக்குப் போயிரும்." இந்தக் கடிதம் எவ்வளவு சீக்கிரம் போனாலும் வியாழக்கிழமைதான் வரும். நடுவில் இரண்டு நாள் இருக்கிறது. இரண்டு குளியல்.

என் விற்பனைப் பக்கத்திலும் போட்டுவிட்டேன். நீ ஒருவேளை ஒளிந்து பார்ப்பாயோ என்று. நான் உன்னுடையதை அப்படித்தான் பார்க்கிறேன், டீச்சர் போனில். பட்டி மூட்டையைப் படம் பிடித்து, ஒன்றரை வருஷமாகப் படத்தில் நீங்கள் பார்த்தது இதைத்தான், என் தங்கை குழந்தைக்கும் இதுவே போய்விட்டது, அவளைத் தெரிந்தவர்கள் யாராவது உடனே சொல்லுங்கள் என்று எழுதினேன். யாரும் உன்னைத் தெரியும் என்று சொல்லவில்லை. "அப்போ நாங்க சுவருக்குப் பூசுறதைப் பாத்துத்தான் ஆசைப்பட்டு வாங்கினோமா அக்கா?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். நியாயமான கேள்வி. விற்ற டப்பா ஒவ்வொன்றையும் நோட்டைப் பார்த்துச் சரிபார்த்து, ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு அடியில் எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். எல்லாவற்றிலும் எண் இருக்கிறது. எண் இல்லாதது உன்னிடம் மட்டும்தான். இனி இந்த வியாபாரம் இல்லை. அது போகட்டும்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் நமக்குள் சண்டை வந்ததும் ஒரு படத்தால்தான். "உனக்கு மட்டும்" என்று சொல்லி நீ எனக்கு அனுப்பிய படம் அது. பிள்ளையின் இரண்டாம் மாதப் படம். அதில் என் டப்பாவை ஒட்டி விற்பனைப் பக்கத்தில் போட்டேன். "என் பிள்ளை என்ன உன் கடை போர்டா?" என்று கேட்டாய். அப்போதே தப்பு என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். "ஊர்ல இல்லாத பிள்ளையப் பெத்துட்ட" என்று சொன்னேன். ஒன்பது வருஷம் நீ எத்தனை ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தாய் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் சொன்ன வார்த்தை. நேற்றிலிருந்து அந்தச் சொல் என் காதைவிட்டுப் போகவில்லை.

புதன்கிழமை கடவுளிடம், பெட்டி பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும், என் தங்கச்சி மனசு இரங்க வேண்டும், என் கையால் கொடுத்ததைப் பிள்ளைக்குப் போட வேண்டும் என்று கேட்டேன். நேற்றிலிருந்து அதே வாயால் அதெல்லாம் நடக்கக் கூடாது என்று கேட்கிறேன். பெட்டி மழையில் நனைந்து கிழியட்டும், யாராவது திருடிக்கொண்டு போகட்டும். எந்த வேண்டுதலை அவர் கேட்டுக்கொண்டாரோ தெரியவில்லை. கண்ணை மூடினால் குழந்தையின் கழுத்து மடிப்புதான் தெரிகிறது.

எனக்கு இருக்கிற ஒரே நம்பிக்கை உன் கோபம். என் பெயரைப் பார்த்ததும் பெட்டியைப் பிரிக்காமலே மூலையில் வீசியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டால்தான் எனக்கு மூச்சு வருகிறது. நீ என்னை மன்னித்திருந்தாயானால்தான் பயம். மன்னித்திருந்தால் பிரித்திருப்பாய். அதனால் கேட்கிறேன், உன் கோபம் குறைய வேண்டாம். பிள்ளை பெரியவளாகும்வரை என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி.

வண்டி வந்துவிட்டது. அந்தப் பெண் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

ஒன்று மட்டும் செய். ஒரு மிஸ்டு கால் கொடு. ஒரே ஒரு மணி அடித்ததும் வைத்துவிடு, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். நான் எடுத்துப் பேச மாட்டேன். பிள்ளைக்கு ஏதாவது என்றால் மட்டும் விடாமல் அடி, எந்த நேரமானாலும் எடுப்பேன். உன் எண் வந்தால் என் போனில் அந்தப் படம்தான் தெரியும்படி வைத்திருந்தேன், டப்பாவோடு பிள்ளை சிரிக்கிற படம். அதை இன்று எடுத்துவிட்டேன். இனி உன் பெயர் மட்டும்தான் வரும்.

குழந்தையின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் கடவுள் காக்கட்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு மணி போதும்.

உன் அக்கா