தம்பிராசா அண்ணையின் மரண அறிவித்தல்

யூன் 4, செவ்வாய்

சோளகக் காற்று பிடித்துவிட்டது. வாசிகசாலை யன்னல் கொக்கி உடைந்து படபடவென்று அடிக்கிறது. வாங்க வேண்டியது: கயிறு, கரும்பலகைக்கு வெண்கட்டி, நுளம்புத்திரி.

வாசிப்பு வகுப்புக்கு நாலு பேரும் வந்தார்கள். எல்லாரும் ஐம்பது தாண்டிய பெண்கள். 'பசு பால் தரும்' பாடத்தைத் திறந்ததும் கொட்டாவி. புஷ்பம் அக்கா: "பிள்ளை, பசு பால் தாறது எங்களுக்குத் தெரியும்." நியாயம்தான்.

பேப்பரில் மரண அறிவித்தல் பக்கத்தை விரித்தேன். நாலு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 'பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட' – ஒரே குரலில், தடங்கலே இல்லை. ஊரில் சாவு விழுந்தால் ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டுப் பாடம்.

கனகம்மா அக்கா மட்டும் மற்றவர்களின் வாலைப் பிடித்து வருகிறார். தனியே வாசிக்கச் சொன்னால் வாய் திறக்காது. இந்த வயதில் எழுத்து எதற்கென்று வீட்டில் புருஷனின் நச்சரிப்பு வேறு. நின்றுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. ஆளுக்கொரு மரண அறிவித்தல் எழுதி வியாழன் வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

யூன் 6, வியாழன்

கயிறு வாங்க மறந்தேன்.

மூன்று பேர், செத்துப் பல வருடமான சொந்தங்களுக்கு எழுதி வந்தார்கள். கனகம்மா அக்கா உயிரோடிருக்கும் புருஷன் தம்பிராசா அண்ணைக்கு. "அவரைப் பற்றித்தானே பிள்ளை எனக்கு முழுக்கத் தெரியும்."

திருத்திக் கரும்பலகையில் போட்டேன். எல்லாருமாகச் சேர்ந்து உரக்க வாசித்தோம், திரும்பத் திரும்ப. 'கந்தையா தம்பிராசா காலமானார்.' அருமையாக வந்தது. றோட்டால் போனவர்களுக்கும் அருமையாகக் கேட்டிருக்கிறது.

பின்னேரம் தம்பிராசா அண்ணை வீட்டில் சனம். பந்தலுக்குத் தறப்பாள்கூட வந்துவிட்டதாம். அண்ணை கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாராம்.

யூன் 7, வெள்ளி

கனகம்மா அக்கா இனி வரமாட்டார். புஷ்பம் அக்கா வந்து சொன்னார்: "மனிசன் விடுகுதில்லையாம்." எல்லாம் என் கெட்டித்தனம். மத்தியானம் சோறு இறங்கவில்லை. பின்னேரம் வடை இரண்டு இறங்கியது.

யூன் 11, செவ்வாய்

தம்பிராசா அண்ணையே சைக்கிளில் வந்து இறங்கினார். பின் கரியரில் கனகம்மா அக்கா.

"என்னைச் சாக்காட்டின கடுதாசி எங்கை?"

கதிரை போட்டோம். உட்காரவில்லை. அவருக்கும் எழுத்துத் தெரியாது. அக்காவிடம், "வாசியும். என்ன எழுதினீரெண்டு கேப்பம்."

உதவிக்கு நாங்கள் நாலு பேரும் வாயைத் திறந்தோம்.

"அவ தனிய வாசிக்கட்டும்."

வாசித்தார். 'கனகம்மாவின் அன்புக் கணவரும்' என்ற இடத்தில் குரல் இறங்கியது, ஆனால் நிற்கவில்லை. கடைசிச் சொல் வரைக்கும் தனியாக. எனக்கு அழுகை வந்துவிட்டது.

தம்பிராசா அண்ணை: "என்ர தமையன்ர பேரைக் காணேல்லை."

"வேலிச் சண்டைக்குப் பிறகு துரைராசா அண்ணையின்ர பேரை வீட்டிலை எடுக்கக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"நான் செத்தனெண்டு கேட்டு முதல் ஓடிவந்தது அவர்தான். பேரைப் போடும்."

அக்கா குந்தியிருந்து எழுதினார். 'துரைராசாவின் அன்புச் சகோதரரும்.' ஒருவரையும் கேட்கவில்லை. அண்ணை கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"இனி எல்லாருமாச் சேர்ந்து வாசியுங்கோ. சத்தமா. என்ர அண்ணை வீட்டுக்குக் கேக்கட்டும்."