இவர் எதுக்கு அழறார்

8 ஜூலை, செவ்வாய்

காலையிலேர்ந்து மழை. ஃப்ளாட்ல லிஃப்ட் ஒண்ணுதான் ஓடுது. நாளைக்கு இவருக்கு மூளை ஸ்கேன். எடுத்து வைக்க: ஐ.சி. அடையாள அட்டை, பழைய ரிப்போர்ட், டவல், ஸ்ட்ரோ, போட்டுக்க ஜிப் இல்லாத கால்சட்டை, சிலுவார்.

வைத்தியத்துக்கு இல்ல, ஆராய்ச்சிக்கு. நரம்பு செத்துக்கிட்டே வர்ற இந்த நோய் ஒருத்தருக்குக் கையில தொடங்குது, இன்னொருத்தருக்குப் பேச்சுல. ஒருத்தரை சீக்கிரம் கொண்டு போகுது, இன்னொருத்தரை வருஷக்கணக்கா விட்டு வைக்குது. ஏன்னு தெரிஞ்சுக்கப் பல பேர் மூளையைப் படம் எடுத்துப் பாக்குறாங்களாம். இவர் எந்த ரகம்னு கேட்டேன். இப்ப சொல்ல முடியாது ஆன்ட்டின்னுட்டாங்க டாக்டர்.

சாயங்காலம் நான் பாயான் பாரு ஃபேக்டரி வேலையிலேர்ந்து வந்து கதவைத் திறந்ததும், வழக்கம்போல அழுதார். கட்டிக்கிட்டதிலேர்ந்து சாப்டியான்னு கேட்டதில்ல இந்த மனுஷன். லாரி, ஃபுட்பால், தூக்கம். நாக்கு குழற ஆரம்பிச்ச பிறகு என்னைப் பாத்தாலே கண்ணுல தண்ணி. எழுதவே வெக்கமா இருக்கு, எனக்கு அது சந்தோஷம்.

9 ஜூலை, புதன்

ஸ்கேன் முடிஞ்சுது. துணைக்கு உள்ள வரணும்னா நகை எல்லாம் கழட்டணுமாம். தாலிக்கொடியைக் கழட்டினேன். அதைப் பாத்துட்டு அப்படி அழுதார். தலை ஆடினா படம் கெட்டுடும்னு கொஞ்ச நேரம் விட்டுப் பிறகு எடுத்தாங்க. ரோடு உடைக்கிற மாதிரி சத்தம். அவர் காலைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன்.

வெளிய வந்து டாக்டர்கிட்ட பெருமையாத்தான் சொன்னேன், என்மேல உள்ள பாசம், அதான் அழறார்னு. அந்த டாக்டர் பொண்ணு மெதுவாச் சொல்லுச்சு.

"ஆன்ட்டி, இந்த நோயில சில பேருக்கு அழுகையை அடக்குற நரம்பும் தளர்ந்துடும். மனசுல ஒண்ணும் இல்லாமலே அழுகை வரும்."

ஏன் சில பேருக்கு மட்டும்னு, அதையும்தான் படத்துல தேடுறாங்களாம். சரி டாக்டர்னேன்.

10 ஜூலை, வியாழன்

லீவு. வெயில். கஞ்சி, மருந்து, துணி.

போன வாரம் சோப்பு விளம்பரத்துக்கும் அழுதார். பக்கத்து வீட்டு சீனத்தி வாழைப்பழம் கொண்டு வந்தப்பவும். நான்தான் அதையெல்லாம் கணக்குல சேக்கல.

எதுக்கு அந்தப் பொண்ணு சொல்லித் தொலைச்சுது. கை போச்சு, கால் போச்சு, பேச்சு பாதி போச்சு. இதையாவது எனக்கு விட்டு வச்சிருக்கலாம்லா.

11 ஜூலை, வெள்ளி

கோயிலுக்குப் போகல. கஞ்சி ஊட்டி, வாயைத் தொடச்சு, கேட்டுட்டேன். என்னைப் பாத்து அழறீங்களே, எனக்காகவா, இல்ல நோயாலயா?

நாக்கைப் புரட்டிப் புரட்டிச் சொன்னார்.

"எனக்கே... தெரியல."

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். சொல்லியிருக்கலாம். உனக்காகத்தான்னு ஒரு வார்த்தை. எவ்வளவு குழறினாலும் எனக்குப் புரிஞ்சிருக்கும்.