ரூபி வரைந்த பனி

ஜனவரி 6, செவ்வாய்

பனி. புல் மேல் உப்புக் கொட்டினாற்போல். ஜீப் கண்ணாடி கல்லாக உறைந்து கிடந்தது. சாவி போட்டால் ஒரு முனகல், அவ்வளவுதான். பக்கத்து ஜீப்காரன் ஷாஜி வந்து தள்ளிவிட்டான். தள்ளும்போதே, "அண்ணாச்சி, இந்த வண்டிய மியூசியத்துக்குக் கொடுத்திரலாம்" என்றான். தள்ளுகிறவனுக்குப் பேசவும் உரிமை உண்டு.

டிரிப் நிறைய. எல்லாருக்கும் பனி பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து வந்த ஒருவர் பனியைத் தொட்டுவிட்டு "ஐயோ, குளிருது!" என்று அலறினார். பின்னே சுடவா செய்யும்?

வருஷப் பிறப்பு ஆராதனையில் எங்கள் சபை ஐயர் சொன்னது: தினமும் ஒரு ஸ்தோத்திரமாவது எழுதி வையுங்கள், புலம்பல் குறையும். சொல்லும்போது என்னையே பார்த்தார். நான் புலம்புகிறவன் என்று அவரிடம் போட்டுக்கொடுத்தது கிரேஸ்தான். கட்டின பெண்டாட்டியே! சரி, எழுதுகிறேன். முழுதாக எழுதக் கை வலிக்கும். ஸ்தோ. என்று போட்டால் ஆண்டவருக்குப் புரியாதா என்ன.

ஸ்தோ.: ஷாஜியின் தோள்.

ஜனவரி 7, புதன்

குளிர் குறையவில்லை. பிரேக் ஆயில் வாங்க வேண்டும். கிரேஸுக்கு இருமல் மருந்து. ரூபியின் செருப்பு வார் அறுந்துவிட்டது.

கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ். ஆரோக்கிய கேந்திரத்து ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒட்டியிருக்கிறார்கள். தமிழில், கையெழுத்து கோழி கிண்டினது மாதிரி. "குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி. சனி காலை. விஷயம்: பனி." காலையிலிருந்து பனிக்குள்ளேயே வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறவன் கண்ணில் இது பட்டால் எப்படி இருக்கும்! பிரேக் ஆயிலை மறந்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இங்கே எழுதி வைக்க வேண்டும். ரூபி நாலாம் வகுப்பு. எங்களுக்கு ஒரே மகள். ஓணப் பரீட்சை வரைக்கும் அவள் படம் போடாத இடம் எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டில் கிடையாது. சுவர், கதவு, அடுப்புக்கரி பட்ட தரை, என் டிரிப் சீட்டின் முதுகு, கிரேஸின் முழங்கை. நான்தான் ஆசைப்பட்டு டவுனில் சனிக்கிழமை வகுப்பில் சேர்த்துவிட்டேன். அங்கே ஒரு மாஸ்டர். போர்டில் அவர் போடுவது: ரெண்டு மலை, நடுவில் சூரியன், ஆறு, குடிசை, தென்னை மரம். மூணாறில் தென்னை மரத்துக்கு நான் எங்கே போவேன்? ரூபி எங்கள் லயத்தைப் போட்டிருக்கிறாள், மூடுபனிக்குள். "சூரியன் எங்கே?" என்று கேட்டு, அவரே சிவப்புப் பேனாவால் அவள் மலைக்கு மேல் ஒரு சூரியனைப் போட்டுவிட்டார். கதிர்களோடு.

வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. கலர் டப்பாவுக்கு ரப்பர் பேண்ட் போட்டு அலமாரி மேல் தட்டில் வைத்தாள். அன்றோடு சரி. "ஒரு படம் போடேன்ட்டி" என்றால், "எனக்கு வராதுப்பா." கணக்கு வராது என்றால் நானும் சிரிப்பேன், அது எனக்கும் வராது. படம் வராது என்று இவள் சொல்லும்போது சிரிப்பு வருவதில்லை.

இன்றைக்கு நோட்டீஸ் விஷயத்தைச் சொன்னேன். வேண்டாம் என்றுதான் சொல்ல வாயெடுத்தாள். பிறகு,

"என்ன தலைப்புப்பா?"

"பனி."

கொஞ்சம் யோசித்தாள். "பனின்னா அதுல சூரியன் போட வேண்டாம்லா?"

"வேண்டவே வேண்டாம்."

"அப்ப வாரேன்."

ஸ்தோ. ஸ்தோ. ஸ்தோ.

ஜனவரி 8, வியாழன்

கிரேஸ் வேலை முடிந்து வந்தாள். கீழ்ப் பள்ளத்துத் தேயிலைச் செடியெல்லாம் கருகிவிட்டதாம். அங்கே கொழுந்து எடுக்க ஒன்றுமில்லை, இனி மேட்டுக் காட்டுக்குத்தான் ஏற வேண்டும். முட்டி வலி. தைலம் தேய்த்துவிட்டேன்.

ரூபி பக்கத்தில் உட்கார்ந்து ஒரே கேள்வி. "தொட்டா எப்படிம்மா இருந்துச்சு?"

"பொரிச்ச அப்பளம் கணக்கா நொறுங்குது."

"வெள்ளையா இருக்கும்போதேவா?"

"இல்லட்டி. வெள்ளையா இருக்கும்போது பாக்க அழகாத்தான் இருக்கும். வெயில் பட்ட பொறவுதான் செடி வாடிக் கருகும். பாவம்."

கிரேஸ் செடியைப் பாவம் என்றது எனக்கு வேடிக்கை. அந்தச் செடியால்தான் அவளுக்கு முட்டி வலியே. ரூபி சிரிக்கவில்லை. "பாவம்" என்று அவளும் சொல்லிக்கொண்டாள்.

ஜனவரி 9, வெள்ளி

ரேடியேட்டர் ஒழுகல். மத்தியானம் சும்மா. பள்ளிக்கூடம் விட்டதும் ஒட்டுப் போட்ட வண்டியிலேயே ரூபியைப் பள்ளத்துப் பக்கம் கூட்டிப்போனேன். கருகின செடிப் பக்கத்தில் போய் நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். எனக்குப் பொறுமை என்பதே கிடையாது. ஹாரன் அடித்தேன். திரும்பவில்லை.

சாயங்காலம் நான் ஆரம்பித்தேன். வெள்ளைப் பேப்பரில் வெள்ளைப் பனியை எப்படிப் போடுவாய், அடியில் நீலம் தீட்டு, ஓரத்தில் ஜீப் ஒன்று வை, ஜட்ஜுக்குப் பிடிக்கும், டூரிஸ்ட் ரெண்டு பேர் போட்டோ எடுக்கிற மாதிரி…

கிரேஸ் அடுப்படியிலிருந்து: "இங்கேருங்க. நீங்க ஜீப்ப ஓட்டுங்க. அவள ஓட்டாதீங்க."

கலர் டப்பா இன்னும் மேல் தட்டில்தான் இருக்கிறது. காலையில் அவளே எடுப்பாள் என்கிறாள் கி. (ஸ்தோ. மாதிரி கிரேஸுக்கும் சுருக்கம்.) எனக்கு நம்பிக்கை இல்லை.

ஸ்தோ.: கோபம் வந்தும் பதில் பேசாமல் இருந்தேன். இது கணக்கில் சேருமா?

ஜனவரி 10, சனி

டப்பாவை அவளேதான் எடுத்தாள். சென்ற ஓணத்தின் ரப்பர் பேண்ட் இழுத்ததும் அறுந்தது.

ஆரோக்கிய கேந்திரத்து ஹாலில் பிள்ளைகள். பெற்றோர் வெளியே. நான் ஜன்னல் ஓரம் இடம்பிடித்துவிட்டேன். ஷாஜியும் வந்திருந்தான், அவன் மகளும் போட்டியில். லிசி சிஸ்டர், அங்கே நர்ஸ், தங்கமான மனுஷி, பிள்ளைகளுக்கு மலையாளத்தில் விளக்கம் சொன்னார். காதைக் கொடுத்தேன். டெங்குப்பனி. எலிப்பனி. கொசு. கட்டிக்கிடக்கிற தண்ணீர்.

எலிக்கும் பனிக்கும் என்னடா சம்பந்தம் என்று முழித்தேன்.

ஷாஜி என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். "அண்ணாச்சி! இது உங்க பனி இல்ல. எங்க பனி. காய்ச்சல்!"

அட கடவுளே! மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல் என்று எனக்குத் தெரியாதா? இதே ஆஸ்பத்திரி வாசலில் "மகளுக்குப் பனியாணு" என்று சொல்லி எத்தனை தடவை மாத்திரை வாங்கியிருக்கிறேன்! தமிழ் எழுத்தில் பார்த்ததும் தமிழாகவே படித்துவிட்டேன். ஊர் முழுக்க உறைபனி வேறு. சிஸ்டர் தமிழ்ப் பிள்ளைகள் மேல் உள்ள பாசத்தில் தமிழில் எழுதியிருக்கிறார், அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்ற மறந்துவிட்டார்.

ஹாலுக்குள் எங்கள் லயத்துப் பிள்ளைகள் எமகாதகர்கள். விளக்கம் கேட்டதும் ஒரு நொடியில் பனியை விட்டுவிட்டுக் கொசுவுக்குத் தாவிவிட்டார்கள். ரூபி மட்டும் பென்சிலைப் பிடித்தபடி சும்மா இருந்தாள். வெள்ளைத் தாள். முடிந்தது கதை, இனி ஜென்மத்துக்கும் இவள் பென்சிலைத் தொடமாட்டாள் என்று நினைத்துவிட்டேன். பொறுக்கவில்லை. ஜன்னலில் தலையைவிட்டுக் கத்திவிட்டேன்.

"ரூபி! கொசு! கொசுவப் போடுட்டி! கொசு வலையப் போடு!"

ஹாலே திரும்பிப் பார்த்தது. ரூபி காது வரை சிவந்துபோனாள். சிஸ்டர் வந்தார். ஜன்னலை என் மூக்குக்கு நேரே சாத்தினார்.

ஸ்தோ.: அந்த ஜன்னல். மனப்பூர்வமாக எழுதுகிறேன்.

முடிந்ததும் படங்களைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்கள். கொசு, கொசு, டயர், தேங்காய்ச் சிரட்டை, கொசு. கடைசியில் ரூபியுடையது. வெள்ளை மலை. வரிசையாகச் செடி. சூரியன் இல்லை. ஒரு செடி மட்டும் பழுப்பு நிறத்தில் சுருண்டு படுத்திருக்கிறது, மேலே எங்கள் வீட்டுக் கம்பளி, அதே கட்டம். பக்கத்தில் கிரேஸ், கொழுந்துப் பையோடு குனிந்து, புறங்கையைச் செடியின் நெற்றியில் வைத்துப் பார்க்கிறாள். செடிக்கு நெற்றி எது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பார்த்தால் தெரிகிறது.

சிஸ்டர் கேட்டார், "மோளே, இதில் பனி எவிடே?"

காய்ச்சல் எங்கே என்று கேட்கிறார், கடவுளே. ரூபி பாதி மலையாளம் பாதி தமிழில், மெல்லிய குரலில்: "ராத்திரி எங்க பனி விழுந்துச்சு சிஸ்டர். காலையில செடிக்கு உங்க பனி வந்துச்சு."

சிஸ்டர் படத்துக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். பிறகு சிரித்தார், உள்ளே இருந்த டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார், "நோட்டீஸில் தப்பு என்டேதாணு" என்று தன் தலையில் தட்டிக்கொண்டார். ரூபியின் கன்னத்தைப் பிடித்து, இந்தப் படத்தை எனக்குத் தருவாயா என்று கேட்டார்.

"இது அம்மாக்கு. உங்களுக்கு வேற ஒண்ணு போட்டுத் தாரேன்."

வேற ஒண்ணு! நான் வெளியே வந்து ஜீப் டயரைப் பார்க்கிற மாதிரி குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஷாஜி பார்த்தான். கிண்டல் செய்யவில்லை. அதற்கும் ஸ்தோ.

பரிசு ஷாஜியின் மகளுக்கு. நியாயம்தான், அவள் கொசு பறந்து வந்து கடிக்கும்போல் இருந்தது.

கிரேஸிடம் படத்தைக் கொடுத்தாள். கி. ரொம்ப நேரம் பார்த்தாள். "என் கையி இவ்வளவு பெருசாட்டி?" என்று கேட்டாள்.

"காச்சல் பாக்கும்போது பெருசாத்தாம்மா இருக்கும்."

கி. படத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். சோறு குழைந்துவிட்டது.

ஜனவரி 11, ஞாயிறு

கோயில். ஐயருக்கு ஜலதோஷம், பிரசங்கம் சுருக்கம். மாட்டுக்கறி. கேஸ் தீரப்போகிறது.

கலர் டப்பா மறுபடியும் மேல் தட்டில். யார் வைத்தது என்று கேட்கவில்லை. சிஸ்டருக்குத் தருகிறேன் என்றாளே? என்னோடு சரியாகப் பேசவும் இல்லை. தட்டை வைத்தால், "ம்." ஜன்னலில் கத்தின வெட்கம் இன்னும் போகவில்லைபோல. பள்ளிக்கூடத்தில் இனி எல்லாரும் "கொசுவப் போடுட்டி" என்று கேலி செய்வார்களே. அந்த மாஸ்டர் சிவப்புப் பேனாவால் செய்ததை நான் வாயால் செய்துவிட்டேனோ என்று நாளெல்லாம் அதே நினைப்பு. கிரேஸிடம் சொன்னேன். "கெடக்கட்டும், விடுங்க. புள்ள மனசுல இருக்கு, வரும்" என்றாள்.

ஸ்தோத்திரம் எழுத ஒன்றும் தோன்றவில்லை. கிரேஸ் இருக்கிறாள். அதைப் போடுகிறேன்.

ஜனவரி 13, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. தூக்கம்.

இன்று பனி குறைவு. கடைசி டிரிப் முடித்து வீட்டுக்குள் நுழைந்தால் சத்தமே இல்லை. தரையெல்லாம் கலர். டப்பா கவிழ்ந்து கிடக்கிறது, பச்சை பென்சில் கட்டிலுக்கு அடியில். கி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள்.

"என்னட்டி அங்க?"

ரூபி தாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். பிறகு நீட்டினாள்.

ஒரு ஜன்னல். ஜன்னல் முழுக்க நான். மூக்கு, மீசை, வழுக்கை எதையும் விடவில்லை. வாய் மட்டும் ஜன்னலைவிடப் பெரிது, குகை மாதிரி திறந்து கிடக்கிறது. உள்ளே பல் வரிசை, அண்ணாக்கு. அந்த வாய்க்குள் ஒரு கொசு நுழைகிறது, சிரித்த முகத்தோடு.

முதலில் சுர்ரென்று வந்தது. பெற்ற அப்பனை இப்படியா? நிமிர்ந்தேன். ரூபி படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு. இந்த வீட்டில் இதைப் போடலாமா கூடாதா என்று அவளுக்கு என் முகத்திலிருந்து தெரிய வேண்டும். ஆண்டவரே, அந்த ஒரு நிமிஷம் எனக்குப் புத்தி கொடுத்ததற்கு ஸ்தோத்திரம், சுருக்காமல் முழுதாகவே எழுதுகிறேன்.

"கொசு ஏம்ட்டி சிரிக்குது?" என்றேன்.

"சிரிக்காதாப்பா? குடியிருக்க இவ்வளவு பெரிய வீடு கெடச்சிருக்குல்லா."

அவ்வளவுதான். மூன்று பேரும் தரையில் விழுந்து சிரித்தோம். பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டினார்கள். எத்தனை மாதம் ஆகிறது இவள் இப்படிச் சிரித்து! சிரித்துக்கொண்டே அடுத்த தாளை எடுத்தாள். சிஸ்டருக்காம். என்ன போடுகிறாய் என்று கேட்க வாய் வந்தது. கிரேஸ் பார்த்தாள். தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் லீவு. மூணாறு முழுக்க வண்டி. வெயில் நல்ல வெயில். பிரேக் ஆயில் ஒருவழியாக வாங்கியாயிற்று.

என் படத்தை ஜீப்பில், ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். ஷாஜி சலாம் வைத்துவிட்டுப் போனான்.

மதுரையிலிருந்து ஒரு குடும்பம் ஏறியது. முன்சீட்டு அம்மா படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தார். "அண்ணே, இது என்ன, திருஷ்டிக்கா?"

"இல்லம்மா. நான்தான். எம் மக போட்டது."

படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடியும் படத்தை. "அச்சு அசலா அப்படியே இருக்கு" என்றார்.

சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன்.