திரைக்குப் பின்னால் வெட்டிய கை

டுரியான் துங்கால் ஊரில் இருந்த நம் தையல் கடையைக் காலி செய்கையில் உன் கத்தரிக்கோல் கிடைத்தது. பழக்கதோஷத்தில் வலது கையில் பிடித்து ஒரு துண்டுத் துணியை வெட்டிப் பார்த்தேன். துணி வெட்டுப்படாமல் இரண்டு அலகுக்கும் நடுவே மடங்கிக்கொண்டது. இடக்கைக்காரர்களுக்கென்று செய்தது, என் கைக்கு எப்படி வெட்டும்? நீ போய் நாற்பது நாளாகிறது. இன்றைக்குத்தான் நன்றாக அழுதேன்.

நீ வெட்டுவாய், நான் கொக்கி வைத்துக் கைத்தையல் போடுவேன். அப்படியே நமக்கு வயதாகிவிட்டது. வெட்டும்போது மட்டும் திரையை இழுத்து விடுவாய். "கல்யாணத் துணிய பீச்சாங்கையால வெட்டுனானு ஒருத்தி சொன்னா போதும், கடைய மூட வேண்டியதுதான் லா" என்பாய். சாப்பிடுவது, எழுதுவது, ஆள் பார்க்க எதையும் வாங்குவது எல்லாம் வலது கையால்தான்.

அந்தப் பயம் என்னால் வந்தது. லூபோக் சீனா பக்கத்தில் நாம் படித்த எஸ்டேட் பள்ளியில், "சார், இவ பீச்சாங்கையால எழுதுறா" என்று எழுந்து சொன்னவள் நான். உன் இடது உள்ளங்கையில் ரோத்தான் பிரம்பு விழுந்தது. மறுநாளும் நீ என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாய். எனக்கு அது அடியைவிட வலித்தது.

பல வருடம் கழித்து உனக்கு இதயத்தில் பைபாஸ் ஆபரேஷன் என்று முடிவானதும், ஆஸ்பத்திரிக்குத் துணையாக நான்தான் வந்தேன். முன்னங்கையிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து இதயத்தில் வைத்துத் தைப்போம் என்றார் டாக்டர். முன்பெல்லாம் முழங்கை வரை கீறுவார்களாம். இப்போது மணிக்கட்டருகே சின்னதாக ஒரு வெட்டு, அதன் வழியே கேமரா. "கட்டை விரல் பக்கம் கொஞ்ச நாள் மரத்துப் போகலாம்மா. அதனால அதிகம் வேலை செய்யாத கையிலதான் எடுப்போம். உங்களுக்கு எந்தக் கை பழக்கம்?"

"வலது கைதான் டாக்டர்."

யோசிக்காமல் சொன்னாய். இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாய். உன் பிழைப்பே அந்தக் கையில் இருந்தது. நீ சொன்னதை நம்பி அதிலேயே கீறிவிட்டால், கத்தரிக்கோலை எதில் பிடிப்பாய்? சொன்னால் மறுபடியும் காட்டிக் கொடுத்தவளாவேன். ஆனாலும் சொன்னேன்.

"டாக்டர், இவளுக்கு இடது கை பழக்கம். துணி வெட்டுறதெல்லாம் அந்தக் கையாலதான்."

டாக்டர் முகம் சுளிக்கவில்லை. உன் வலது மணிக்கட்டை அழுத்தி, உள்ளங்கையில் ரத்தம் திரும்புவதைப் பார்த்துவிட்டு, இதிலேயே எடுக்கலாம் என்று எழுதிக்கொண்டார். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. தள்ளுகட்டிலில் கொண்டுபோகையில் மட்டும், "ரெண்டாவது தடவடி" என்றாய்.

கதவு மூடிக்கொண்டது. நீ எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை இதுவாகிவிடக் கூடாதே என்று வெளியே வேண்டாத தெய்வமில்லை.

பொது வார்டுக்கு மாற்றிய அன்று கஞ்சி வந்தது. உன் வலது கையில் கட்டு. நர்ஸ் மிஸ்ஸி ஊட்டிவிட வந்தார். நீ தலையசைத்துவிட்டு, அத்தனை பேர் பார்க்க, இடது கையால் கரண்டியை எடுத்தாய். பக்கத்துக் கட்டில் அம்மா கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

"என்னம்மா பாக்குறீங்க? இதுதான் என் கை" என்றாய். பிறகு என்னைப் பார்த்தாய். "நீ சாப்டியாடி?"

வலது கை மரத்தது சில மாதத்தில் சரியானது. தழும்பு இரண்டு விரல் அகலம்கூட இல்லை. கடைக்குத் திரும்பிய முதல் நாளே திரையைக் கழற்றி எனக்குத் தலையணை உறை தைத்துக் கொடுத்தாய். அதற்குப் பிறகு பல வருடம் வாசலைப் பார்த்தபடியே வெட்டினாய். ஒருத்தியும் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போகவில்லை. கடைசியில் உன்னைக் கொண்டுபோனது ஒரு நெஞ்சுச் சளி. கையிலிருந்து வைத்த குழாய் அதுவரை ஒழுங்காகத்தான் ஓடியது.

கத்தரிக்கோலை இடது கைக்கு மாற்றிப் பிடித்துப் பார்த்தேன். வெட்டு கோணல்மாணலாகப் போயிற்று. தெருவில் போன ஒருத்தி நின்று பார்த்தாள்.

"என் கூட்டாளியோட கை" என்றேன்.