கன்சிர்ரிக் கரையில் ஒதுங்காத மீன்

ஜனவரி 9

தெற்குக் காற்று இன்னும் ஓயவில்லை. ஜன்னல் கண்ணாடியெல்லாம் உப்பு. நீரிணையில் படகுகள் ஓடாததால் எதிர்க்கரையிலிருந்து வருகிறவர்கள் யாரும் பத்திரிகை அலுவலகத்துக்கு வரவில்லை. எனக்கு வேலை மட்டும் வந்துகொண்டே இருந்தது. மனிதப் பல்லோடு ஒரு மீன் – நிஜம். யானைக்குட்டி அளவு கடல்குதிரை – யாரோ கணினியில் செய்தது. கரையில் உருகிக் கிடக்கும் ‘கடல் அரக்கன்’ – அழுகிய திமிங்கிலம்.

வாசகர்கள் அனுப்பும் படம் நிஜமா பொய்யா என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம். அம்மாவுக்கு இது இன்னும் விளங்கவில்லை. “மீன் படம் பாக்கவா உன்ன யுனிவர்சிட்டில சேத்தோம்?”

ஜனவரி 11

மெசீனா நகரம் முழுக்க இன்று ஒரே படம். வெள்ளி நாடா மாதிரி நீளமான மீன், தலையில் சிவப்புக் கொண்டை; நான்கு பேர் வரிசையாக நின்று தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். ‘இன்று காலை, கன்சிர்ரிக் கடற்கரை. 1908 நிலநடுக்கத்துக்கு முந்தின நாளும் இதேதான் ஒதுங்கியது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள்.’

ஊரே தரைமட்டமான வருஷம்; 1908 என்றால் இங்கே யாரும் சிரிக்கமாட்டார்கள். அம்மாவின் தாத்தா அன்று தன் வீட்டில் மிஞ்சிய ஒரே பிள்ளை.

மதியம் அம்மா போன் செய்தாள்.

“ரோஸெல்லா, நான் கார்ல இருக்கேன்.”

“எங்கம்மா போற?”

“எங்கயும் போகல. கார்லதான் இருக்கேன்.”

சந்தைக்குப் பக்கத்துத் திடலில் அப்பாவின் பழைய காரை நிறுத்தி, கம்பளி, ஜெபமாலை, காபிப் பாத்திரம் எல்லாவற்றோடும் உட்கார்ந்திருக்கிறாள். கீழ்வீட்டு நுன்ஸியாத்தினா குடும்பமும் அங்கேதான். வெட்டவெளி, தலையில் எதுவும் விழாதாம்.

“அம்மா, அது வெறும் படம்மா.”

“மீன் இல்லாமலா படம் வரும்?”

மீன் நிஜம்தான். அப்படி ஒன்று ஆழத்தில் இருக்கிறது.

ஜனவரி 12

முதலில் கண்ணில் பட்டது சட்டைகள். நான்கு பேருக்கும் அரைக்கை. இந்தக் காற்றில், ஜனவரியில்! பின்னால் ஒரு லாரி. அதன் எண் பலகை நம் நாட்டினுடையதில்லை. ஒரு மணி நேரம் தேடியதில் அசல் படம் கிடைத்துவிட்டது. பல வருஷத்துக்கு முன், பூமியின் மறுபக்கத்தில் எடுத்தது.

இருந்தாலும் கன்சிர்ரி மீனவர் லெத்தேரியோவுக்கு போன் போட்டேன். “இங்க ஒதுங்கியிருந்தா அந்தப் படத்துல முதல் ஆளா நான்ல பல்ல இளிச்சுக்கிட்டு நின்னிருப்பேன்!” என்றார்.

எழுதி அனுப்பினேன்: படம் பழையது, இங்கே எடுத்ததல்ல, இந்த மீன் நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அவ்வளவுதான்.

வெளியானபோது மேலே தலைப்பு: ‘மீன் பொய், பயமும் பொய் – வீட்டுக்குப் போகலாம்.’

ஆசிரியர் கைதானோவின் வேலை. “நான் இப்படிச் சொல்லவே இல்லையே” என்றேன்.

“ஜனங்க படிக்கிறாங்க ரோஸெல்லா. சந்தோஷப்படு.”

படித்தார்கள். என் எழுத்தை இத்தனை பேர் படித்ததே இல்லை. நான் மேற்கொண்டு பேசவில்லை. ஏன் பேசவில்லை? – சாயங்காலம் அந்தத் தலைப்பையே கார் ஜன்னலில் குனிந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா கம்பளியை மடித்தாள். நுன்ஸியாத்தினாவும் பிள்ளைகளை எழுப்பினாள்.

ஜனவரி 13

அத்தனை பேர் படித்த சந்தோஷத்தில் கைதானோ எல்லாருக்கும் ஃபொகாச்சா ரொட்டி வாங்கிக் கொடுத்தார். என் துண்டை மேஜையிலேயே விட்டுவிட்டேன்.

ஜனவரி 15

ஆடியது. மத்தியானம். முதலில் திரைகள், பிறகு விளக்கு, பிறகு காலுக்குக் கீழே யாரோ இழுத்த மாதிரி. பெரிதில்லை. நகரத்தில் எதுவும் இடியவில்லை, சுவர்ப் பூச்சு உதிர்ந்ததோடு சரி – ஆனால் அம்மா. நான்காவது மாடி. படியில் ஓடியிருக்கிறாள். விழுந்துவிட்டாள். கை மணிக்கட்டு முறிந்து, நெற்றியில் தையல். கார்லயே இருந்திருப்பா. நான்தான்... நான்தானே போய்க் கூட்டிட்டு வந்தேன்? ஐயோ, வேற என்ன எழுத.

ஜனவரி 16

ஆஸ்பத்திரி நடையில் நுன்ஸியாத்தினா. பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை, பயந்துபோனதில் சின்னவன் பேசமாட்டேன் என்கிறானாம். “நீ படிச்சவ, நீ சொன்னா சரியா இருக்கும்னு நம்பி வந்தோம்” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வாசகர்கள் திட்டுகிறார்கள். ‘மீனுக்குத் தெரிந்தது பத்திரிகைக்குத் தெரியவில்லை.’

கைதானோ, “மீன் விஷயத்துல நீ சொன்னது சரிதானே? அப்புறம் என்ன?” என்றார்.

சரிதான். படம் பொய்தான். ஒரு வரியும் தப்பில்லை. பிறகு ஏன் உட்கார முடியவில்லை? அறைக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். நான் படத்தைச் சோதித்தேன். அவர்கள் கேட்டதோ வேறு: இன்றைக்கு என் வீட்டில் தூங்கலாமா? அதற்கு எனக்குப் பதில் தெரியாது. தெரிந்த மாதிரி அந்தத் தலைப்புக்குக் கீழே என் பெயர்.

ஜனவரி 18

திருத்தம் எழுதினேன். ‘படம் பொய் என்பது உண்மை. வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல எங்களுக்கு எந்தத் தகுதியும் இல்லை. நிலநடுக்கம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, எங்களுக்கும்தான்.’

“மானத்த வாங்குறியா? கீழ எங்கயாவது சின்னதாப் போடு” என்றார் கைதானோ.

“மேல போடுங்க. இல்லன்னா என் பேர எடுத்துடுங்க.”

“எந்த இடத்துலேர்ந்து?”

“எல்லா இடத்துலேர்ந்தும்.”

கடைசியில் மேலேயே போட்டார்.

ஜனவரி 19

அம்மாவுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டேன். “நான் கூட்டிட்டு வரலைன்னா உனக்கு இப்படி ஆயிருக்காதுல்ல?”

“நீ சொல்லியா வந்தேன்?”

“பின்ன? படிச்சுக் காட்டினேனே.”

“நீ சொல்லி நான் என்னைக்குடி கேட்டிருக்கேன்? கக்கூஸுக்கு அந்தத் திடலோரத்துக் காபிக்கடைக்காரன்கிட்டதான் போகணும். சும்மா போனா மூஞ்சிய சுளிக்கிறான். சரின்னு ஒரு காபி வாங்கிக் குடிப்பேன். குடிச்சா மறுபடியும் போகணும். எவ்வளவு காபிதான் குடிக்கிறது? நீ ஜன்னல்ல வந்து நின்னப்போ நானே கிளம்பலாம்னுதான் இருந்தேன்.”

சிரித்தேன். பக்கத்துக் கட்டில் அம்மாள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. கொஞ்சம் வலிக்கவும் செய்தது – என் கட்டுரையைக் கேட்கவே இல்லையா?

நுன்ஸியாத்தினா என் பேச்சைக் கேட்டாளே. அந்தப் பாரம் அப்படியேதான் இருக்கிறது.

ஜனவரி 24

அம்மா வீட்டுக்கு வந்தாள். என்னோடு தங்கச் சொன்னேன், மாட்டேன் என்கிறாள். நுன்ஸியாத்தினாவின் சின்னவன் பேசுகிறான். நான் தட்டியதும் கதவைத் திறந்து, “அம்மா தூங்குறாங்க” என்றான். பொய். உள்ளே அவள் குரல் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 2

காலையில் அம்மாவிடமிருந்து ஒரு படம். கறுத்த மீன், மூடிய வாய்க்கு வெளியே ஊசி ஊசியாகப் பற்கள், வயிற்றோரம் புள்ளி வரிசை. பக்கத்தில் எதுவும் இல்லாததால் முதலை அளவுக்குத் தெரிந்தது. ‘ஃபாரோ கரையாம். நுன்ஸியாத்தினா அனுப்பினா. உங்கிட்ட கேக்கச் சொன்னா. நிஜமா?’

நுன்ஸியாத்தினா. கேட்கச் சொன்னாளாம். அந்த வரியை இரண்டு தரம் படித்தேன்.

நாற்காலியிலிருந்தபடியே சொல்லியிருக்கலாம்: நிஜமாக இருக்கும், இந்த நீரிணையின் நீரோட்டம் ஆழத்து மீன்களை மேலே தூக்கி எறிவது வழக்கம்தான். சொல்லவில்லை. ‘போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்’ என்று அனுப்பினேன். ‘நானும் வரேன்’ என்று பதில் வந்தது. அம்மா மாவுக்கட்டோடு பஸ் ஏறினாள். நுன்ஸியாத்தினாவும் வந்தாள். வழி முழுக்க ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மீன் அலை ஓரத்தில் கிடந்தது. அம்மா குனிந்து, கட்டு இல்லாத கையை அதன் பக்கத்தில் வைத்தாள்.

“அட, இத்துனூண்டுதானா?”

கையளவுதான்.

“இருட்டுலயே இருந்த சீவன். வெளிச்சத்துல வந்து செத்துப்போச்சு, பாவம்.”

நுன்ஸியாத்தினா என்னிடம் கேட்டாள், “இது எதுக்காவது அறிகுறியா?”

“நீரோட்டம் பலமா இருந்ததுக்கு.”

“ஆட்டம் வருமா?”

“தெரியல.”

தலையசைத்தாள். “பஸ்ஸுக்கு நேரமாச்சு, உங்க அம்மாவப் பிடிச்சுக்கோ” என்றாள். இருவரும் ஆளுக்கொரு பக்கமாய் அம்மாவை மணலில் ஏற்றினோம்.

அலுவலகம் வந்து எழுதினேன். படம் நிஜம். இடம் நிஜம். மீன், ஒரு பெண்ணின் கையளவு. அடுத்து என்ன நடக்கும் என்று இந்த மீனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

தலைப்பையும் நானே போட்டேன். கைதானோ நின்று படித்தார். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.